காட்டாத முகமும் காட்டிய முகங்களும்

தமிழ் முஸ்லிம்களின் முந்தைய தலைமுறையினர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைக் காதால் அறிந்தவர்கள். உமறுப்புலவரின் சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களாக, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களால் ஆனது. அதை முழுதும் ஓதியவர்கள் சிலரே. ஆனால் ஓதக் கேட்டவர்கள் பலர். மௌலிது மஜ்லிஸ்களிலும் ரபீஉல் அவ்வல் மாதத்துப் பயான்களிலும் கேட்ட செய்திகள் அவரவர் மனத்தில் அவரவர்க்கு இயன்ற உருவில் தங்கின. புலவர் அரபு நாட்டைத் தமிழ் நிலமாகவே பாடியிருந்தமையால், கேட்டவர்கள் தாம் கண்ட ஆற்றையும் சோலையையும் கொண்டே மக்காவையும் மதீனாவையும் அமைத்துக் கொண்டனர். ஒருவர் மனத்தில் எழுந்த ஹம்ஸா (ரலி) மற்றவர் மனத்தில் எழுந்த ஹம்ஸாவைப் போல் இருக்க வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை.

என் தலைமுறையின் நிலை வேறு. 1980-களின் நடுவில் வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த மாமா ஒருவர் வீடியோ டெக்கும் சில கேசட்டுகளும் கொண்டு வந்தார். அவற்றுள் ஒன்று, முஸ்தஃபா அக்காத் இயக்கிய ‘தி மெசேஜ்’. முன்னறையில் பாய் விரித்து, குடும்பமும் அண்டை வீட்டாரும் கூடி அமர்ந்து அப்படத்தைப் பார்த்தோம். அன்று நான் பள்ளி மாணவன். அப்படம் என்னுள் விட்டுச் சென்ற தடம் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அழியவில்லை. நபித்தோழர் வரலாற்று நூல்களில் ஹம்ஸா (ரலி) அவர்களின் பெயரைப் படிக்கும் போதெல்லாம், ஆந்தனி குவின் என்னும் நடிகரின் முகமே என் கண்முன் வருகிறது. மெக்ஸிகோவில் பிறந்து ஹாலிவுட்டில் புகழ்பெற்ற ஒருவரின் முகம் அது. வேண்டாம் என்று தள்ளினாலும் அது போவதில்லை.

இந்தச் சிறு சங்கடத்திலிருந்தே இக்கட்டுரை பிறந்தது. ஒரு பார்வையாளன் என்ற நிலையில் என் கருத்துகளை இங்கே முன்வைக்கிறேன். திரையில் உருவம் காட்டுவது ஆகுமா ஆகாதா என்ற மார்க்கத் தீர்ப்பை வழங்கும் தகுதி எனக்கில்லை. அது உலமாக்களின் பணி. இஸ்லாமிய வரலாறு திரைக்கு வந்தபோது அந்த வரலாற்றுக்கு என்ன நேர்ந்தது என்பதே நான் கேட்க விரும்பும் கேள்வி.

சொல்லில் வரைந்த உருவம்

முஸ்லிம்கள் எக்காலத்திலும் எவ்விடத்திலும் நபிகளாரை ஓவியமாகத் தீட்டியதே இல்லை என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வளவு எளியதன்று. பாரசீகத்திலும் உஸ்மானியப் பேரரசிலும் எழுந்த சுவடி ஓவியங்கள் சிலவற்றில் அண்ணலாரின் உருவம் இடம்பெற்றுள்ளது. உஸ்மானிய சுல்தான் மூன்றாம் முராதின் கட்டளையால் தொடங்கப்பெற்று 1595 வாக்கில் நிறைவுற்ற ‘ஸியரி நபி’ என்னும் பெருஞ்சுவடியில், நபிகளாரின் முகம் திரையிட்டு மறைக்கப்பட்டு, தலையைச் சுற்றிப் பொற்சுடர் தீட்டப்பட்டுள்ளது. அரசவையினர் சிலர் மட்டுமே புரட்டிப் பார்த்த சுவடிகள் அவை. பொதுமக்களிடையே இத்தகைய ஓவியம் வழக்கில் இருந்ததில்லை.

பொதுமக்களிடையே வழங்கியது சொல்லால் ஆன உருவம். இமாம் திர்மிதி (இறப்பு 892) தொகுத்த ‘ஷமாயில்’ நூலில் அண்ணலாரின் உயரம், நிறம், கூந்தல், நடை, புன்னகை அனைத்தும் நேரில் கண்டவர்களின் வாய்மொழியாகப் பதிவாகியுள்ளன. அவற்றுள் அலீ (ரலி) அவர்களின் வருணனையை எடுத்து, அழகிய எழுத்தணிப் பலகையாக அமைக்கும் கலை துருக்கியில் ‘ஹில்யா’ எனப்பட்டது. அதற்கு நிலைத்த வடிவம் தந்தவர் 1698-இல் மறைந்த ஹாஃபிஸ் உஸ்மான். ஓவியம் தொங்க வேண்டிய சுவரில் எழுத்து தொங்கியது. படிப்பவர் அச்சொற்களைக் கொண்டு தம் உள்ளத்தில் ஓர் உருவை அடையலாம். அவ்வுருவே சரியானது என்று வேறெவரிடமும் வற்புறுத்த இயலாது. இந்த அடக்கமே அக்கலையின் சிறப்பு.

சினிமா இந்த அடக்கத்தை முதன்முதலில் சோதித்த இடம் எகிப்து. 1926-இல் நாடக நடிகர் யூசுஃப் வஹ்பி அயல்நாட்டு நிறுவனம் ஒன்றின் படத்தில் நபிகளாராக நடிக்க இசைந்தார் என்ற செய்தி பரவியது. அல்-அஸ்ஹர் கண்டித்தது, மன்னர் ஃபுஆத் எச்சரித்தார், வஹ்பி விலகிக் கொண்டார். அதன்பின் எகிப்தியத் திரையுலகம் நபிகளாரைச் சுற்றியிருந்தவர்களின் கதைகளை மட்டும் எடுத்தது. தாஹா ஹுஸைனின் நூலைத் தழுவிய ‘ழுஹூருல் இஸ்லாம்’ 1951-இலும், பிலால் (ரலி) அவர்களைப் பற்றிய படம் 1953-இலும், ஸலாஹ் அபூ ஸைஃப் இயக்கிய ‘ஃபஜ்ருல் இஸ்லாம்’ 1971-இலும் வெளிவந்தன. இவை பெரிதும் அரபு உலகத்துக்குள்ளேயே நின்றன. அந்த எல்லையைத் தாண்டியவர் அக்காத்.

அக்காதின் முயற்சி

முஸ்தஃபா அக்காத் 1930-இல் சிரியாவின் ஹலப் நகரில் பிறந்தவர். திரைப்படம் கற்க அமெரிக்கா புறப்பட்ட போது, அவருடைய தந்தை கையில் கொடுத்தவை இருநூறு டாலரும் ஒரு குர்ஆன் பிரதியும் என்பது அவரே பலமுறை சொன்ன செய்தி. மேற்கு நாட்டவர்க்கு இஸ்லாத்தின் தோற்றத்தை அவர்களுடைய மொழியிலேயே சொல்ல வேண்டும் என்பது அவர் நோக்கம். அதற்காக அவர் ஒரே படத்தை இருமுறை எடுத்தார். ஒவ்வொரு காட்சியும் முதலில் ஆங்கில நடிகர்களைக் கொண்டும், பின் அதே அரங்கில் அரபு நடிகர்களைக் கொண்டும் படமாக்கப்பட்டது. ஆங்கிலத்தில் ஆந்தனி குவின் ஏற்ற ஹம்ஸா வேடத்தை அரபியில் அப்துல்லாஹ் ஃகைஸ் ஏற்றார். ஹிந்தாவாக ஆங்கிலத்தில் கிரேக்க நடிகை ஐரீன் பப்பாஸும், அரபியில் சிரிய நடிகை முனா வாஸிஃபும் நடித்தனர்.

படம் எடுப்பதைவிட அனுமதி பெறுவதே கடினமாக இருந்தது. அல்-அஸ்ஹர் அறிஞர்களும் லெபனானின் ஷீஆ உயர் மன்றத்தாரும் திரைக்கதையைப் பார்த்து ஒப்புதல் அளித்தனர் என்ற அறிவிப்போடு படம் தொடங்குகிறது. ஆனால் மக்காவிலுள்ள ராபிதத்துல் ஆலமில் இஸ்லாமி அதனை எதிர்த்தது. மொராக்கோவில் மர்ராகிஷ் அருகே மக்கா நகரின் அரங்கை எழுப்பிப் படப்பிடிப்புத் தொடங்கியது. சவூதி அரசின் அழுத்தத்தால் மொராக்கோ மன்னர் அதனை நிறுத்தச் சொன்னார். படக்குழு லிபியா சென்று, கதாஃபியின் பொருளுதவியால் பணியை முடித்தது. 1976 ஜூலையில் லண்டனில் வெளியான வேளையில், நபிகளாரின் பெயரைத் தாங்கியிருந்த முதல் தலைப்பு எதிர்ப்பின் காரணமாக மாற்றப்பட்டது. மோரிஸ் ஜார் அமைத்த இசை ஆஸ்கார் பரிந்துரையைப் பெற்றது.

காமிரா நின்ற இடம்

மையமாய் விளங்கும் மாமனிதரைக் காட்டாமல், அவருடைய குரலையும் ஒலிக்காமல், ஏறத்தாழ மூன்று மணி நேரம் அவர் வரலாற்றைச் சொல்வது எங்ஙனம்? அக்காத் கண்ட வழி, காமிராவை அவர் நிற்குமிடத்தில் நிறுத்துவது. மெல்லிய இசை எழும். அண்ணலார் அவ்விடத்தில் இருக்கிறார் என்று நாம் அறிவோம். ஹம்ஸாவும் ஸைதும் காமிராவை நோக்கிப் பேசுவர். மறுமொழி நம் காதில் விழாது. அதனைக் கேட்டவர்கள் தம் வாயால் திரும்பச் சொல்வர். கஸ்வா என்னும் ஒட்டகம் மதீனாவின் தெருக்களில் நடந்து வந்து, பள்ளிவாசல் எழவேண்டிய இடத்தில் மண்டியிடுவதைக் காண்போம். அதன்மேல் வருபவரைக் காண மாட்டோம்.

என் கருத்தில் இப்படத்தின் தலையாய வெற்றி இதுவே. ஒரு தடையை ஏற்றுக்கொண்டதால் படம் ஒரு மொழியைக் கண்டுபிடித்தது. நஜ்ஜாஷியின் அவையில் ஜஅஃபர் (ரலி) சூரா மர்யமின் வசனங்களை எடுத்துரைப்பதும், அரசர் தம் கோலால் தரையில் கோடிட்டு இரு மார்க்கங்களுக்கும் இடையே உள்ள தொலைவு இவ்வளவே என்று உணர்த்துவதும் மிகைப்படுத்தாமல் எடுக்கப்பட்டுள்ளன. பிலால் (ரலி) முதன்முதலில் பாங்கு சொல்லும் காட்சி, அடிமையாயிருந்தவர் ஒரு சமூகத்தின் குரலாக உயர்ந்ததை வேறு விளக்கமின்றிச் சொல்லிவிடுகிறது.

ஆயினும் மனத்தை உறுத்தும் ஒன்றுண்டு. காமிரா அண்ணலாரின் இடத்தில் நிற்கிறதெனில், அதன் வழியே பார்க்கும் நாம் எவ்விடத்தில் இருக்கிறோம்? தோழர்கள் ‘அல்லாஹ்வின் தூதரே’ என்று விளிக்கும்போது நம் கண்களைப் பார்த்தே விளிக்கிறார்கள். உருவத்தைக் காட்டாமல் கண்ணியம் காத்த அதே உத்தி, பார்வையாளனை அமரக்கூடாத இடத்தில் அமர்த்திவிடுகிறது. சிறுவனாய்ப் பார்த்தபோது எனக்கு இது தோன்றவில்லை. ஹதீஸ் கலையின் அரிச்சுவடியைப் படித்த பின்னர் மீண்டும் பார்த்தபோது, கூச்சமாக இருந்தது. அக்காதின் நோக்கம் தூய்மையானது. வேறு வழியும் அவருக்கில்லை. எனினும் கண்ணியத்திற்காகக் கண்ட வழியிலும் ஒரு விலை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பார்க்காதவர்களின் கோபம்

இப்படத்தின் வரலாற்றில் மிகத் துயரமான பக்கம் அமெரிக்காவில் எழுதப்பட்டது. 1977 மார்ச் 9 அன்று, ஹமாஸ் அப்துல் காலிஸ் என்பவரின் தலைமையில் 12 ஆயுததாரிகள் வாஷிங்டன் நகரில் 3 கட்டடங்களைக் கைப்பற்றி 149 பேரைப் பிணையாளிகளாக்கினர். அக்கட்டடங்களுள் ஒன்று அந்நகரின் இஸ்லாமிய மையம். 1973-இல் தம் குடும்பத்தார் ஏழுபேரைக் கொன்றவர்களைத் தம்மிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது காலிஸின் முதன்மைக் கோரிக்கை. அப்போது அமெரிக்காவில் திரையிடப்படவிருந்த அக்காதின் படத்தை நிறுத்த வேண்டும் என்பது மற்றொன்று. எகிப்து, பாகிஸ்தான், ஈரான் நாடுகளின் தூதர்கள் குர்ஆன் வசனங்களை எடுத்துக்காட்டிப் பேசிய பின்னரே, 39 மணி நேரத்துக்குப் பிறகு முற்றுகை முடிவுக்கு வந்தது. அதற்குள் இளம் செய்தியாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

நபிகளாரை ஒரு நடிகர் ஏற்று நடித்திருக்கிறார் என்ற வதந்தி அன்று பரவியிருந்தது. படத்தில் அப்படி ஒரு காட்சியும் இல்லை. எதைச் செய்துவிடக் கூடாது என்று இயக்குநர் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டாரோ, அதையே செய்துவிட்டார் என்று நம்பி, படத்தைப் பார்க்காதவர்கள் ஆயுதம் ஏந்தினார்கள். ஒரு செய்தியைக் கேட்டவுடன் பரப்பாமல், அதைக் கொண்டு வந்தவர் யார் என்று விசாரிக்கக் கற்றுத் தந்த மார்க்கத்தின் பெயரால் இது நடந்தது என்பதே வேதனை. திரைப்படத்தை மறுக்க ஒருவருக்கு முழு உரிமை உண்டு. மறுக்கப்படுவது இன்னதென்று அறிந்து மறுக்க வேண்டும்.

மறைந்து போனவர்கள்

நபிகளாரை மட்டுமன்றி, அவர்களுடைய துணைவியர், மக்கள், நான்கு கலீஃபாக்கள் ஆகியோரையும் காட்டுவதில்லை என்பது படக்குழு ஏற்றுக்கொண்ட விதி. கண்ணியத்தால் விளைந்த விதி அது. ஆனால் வரலாற்றைத் திரையிலிருந்து மட்டும் கற்றுக்கொள்பவர் எதனை இழக்கிறார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். முதன்முதலில் ஈமான் கொண்ட கதீஜா (ரலி) திரையில் இல்லை. தவ்ர் குகையில் உடனிருந்த அபூபக்ர் (ரலி) இல்லை. உமர் (ரலி), உஸ்மான் (ரலி) இல்லை. அலீ (ரலி) அவர்கள் பத்ர் களத்தில் வரவேண்டிய இடத்தில் இருமுனை வாள் ஒன்றே வருகிறது. அந்த வாளும் ஒரு சிக்கலை எழுப்புகிறது. துல்ஃபிகார் பத்ரு நாளில் கிடைத்த போர்ச்செல்வம் என்றே திர்மிதியில் செய்தி உள்ளது. எனில் போர் தொடங்கும் முன்னரே அது களத்தில் எப்படி வந்தது? முதுகெலும்புக் கண்ணிகளைக் குறிக்கும் ‘ஃபிகார்’ என்ற சொல் வாளிலிருந்த வெட்டுக்குறிகளைச் சுட்டியது என்பர். இருமுனை வடிவம் பிற்கால ஓவியர்கள் நிலைநிறுத்தியது.

வெற்றிடத்தை வரலாறு பொறுத்துக்கொள்ளும், திரைக்கதை பொறுக்காது. ஆகவே இல்லாதவர்களின் பணிகளும் ஹம்ஸா (ரலி) மீதே ஏற்றப்பட்டன. படத்தில் அவரே ஆலோசகர், அவரே தளபதி, அவரே மூத்தவர். அவர் தொடக்கம் முதலே நரைத்த முதியவராகக் காட்டப்படுகிறார். சிறிய தந்தையார் என்ற உறவைக் கேட்டவுடன் நமக்கும் அவ்வாறே தோன்றும். உண்மையில் அவர் நபிகளாரைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர். துவைபாவிடம் இருவரும் பாலருந்தியதால் பால்குடிச் சகோதரரும்கூட. இஸ்லாத்தை ஏற்றபோது அவர் நடுவயதினர். உஹதில் ஷஹீதானபோது வேண்டுமானால் திரையில் தெரியும் முதுமைக்கு அருகில் வந்திருக்கலாம். ஒன்றாய் வளர்ந்த இருவர் என்ற அந்த நெருக்கம் திரையில் தொலைந்து போகிறது.

பெண்கள் திறத்தில் இழப்பு இன்னும் பெரிது. இறைநம்பிக்கையாளர்களின் அன்னையர் எவரையும் காட்ட இயலாமையால், சுமைய்யா (ரலி) ஷஹீதாகும் சிறு பகுதி நீங்க, படத்தின் வலிமை மிக்க பெண் பாத்திரம் ஹிந்தாவாகவே அமைந்துவிட்டது. உஹதின் முடிவில் ஐரீன் பப்பாஸின் முகத்தில் தெரியும் வெறி மறக்கவொண்ணாதது. அதே ஹிந்த் மக்கா வெற்றியின்போது இஸ்லாத்தைத் தழுவினார் என்பதும், யர்மூக் களத்தில் முஸ்லிம் படையை ஊக்கினார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவதும் எத்தனை பார்வையாளர்க்கு நினைவிருக்கும்? ஹம்ஸாவைக் கொன்ற வஹ்ஷியும் பின்னர் முஸ்லிமானார். நபித்துவம் கோரிய முஸைலிமாவை யமாமா போரில் அதே ஈட்டியால் வீழ்த்தியதை அவரே கூறும் செய்தி புகாரியில் உள்ளது. படம் நபிகளாரின் மறைவோடு முடிந்துவிடுவதால் யமாமாவுக்கு அங்கே இடமில்லை. மன்னிக்கப்பட்டவர்கள் திரையில் மன்னிக்கப்படாத முகத்தோடேயே நின்றுவிட்டார்கள். ஸீரா நூல்கள் ஒரு மனிதனை அவன் இறுதிவரை பின்தொடர்கின்றன. திரைப்படம் அவனுடைய மிகக் கொடிய கணத்தில் அவனை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டுவிடுகிறது.

புகைப்படமும் நடிகரும்

முகம் என்பது எவ்வளவு வலியது என்பதை அக்காதின் அடுத்த படம் இன்னும் தெளிவாகக் காட்டிற்று. 1981-இல் வெளியான ‘லயன் ஆஃப் தி டெஸர்ட்’ லிபியாவின் உமர் முக்தாரைப் பற்றியது. குர்ஆன் போதித்த ஆசிரியர். ஸனூஸிய்யா தரீக்காவைச் சேர்ந்தவர். 1911-இல் படையெடுத்த இத்தாலியரை இருபதாண்டு எதிர்த்தவர். அவருக்கு மக்கள் தந்த ஆதரவை அறுப்பதற்காகப் பாலைவனக் குடிகள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் முள்கம்பி முகாம்களில் அடைக்கப்பட்டனர். 1931 செப்டம்பர் 16 அன்று, எழுபது வயதைக் கடந்த அம்முதியவர் ஸலூக் என்னுமிடத்தில் தம் மக்கள் பார்க்கத் தூக்கிலிடப்பட்டார். தூக்குமேடையில் விழுந்த மூக்குக் கண்ணாடியை ஒரு சிறுவன் எடுத்துக்கொள்வதை அக்காத் இறுதிக் காட்சியில் வைத்தார்.

இத்தாலிய அரசு 1982-இல் தன் இராணுவத்தின் மானத்துக்கு இழுக்கு என்று அப்படத்தைத் தடுத்தது. 2009 ஜூனில் கதாஃபி உரோம் நகருக்கு வந்தபோது, சங்கிலியிட்ட உமர் முக்தாரின் புகைப்படத்தைத் தம் சீருடையில் குத்திக்கொண்டு வந்திறங்கினார். அப்போதுதான் இத்தாலியத் தொலைக்காட்சியில் அப்படம் ஒளிபரப்பாயிற்று. தன் காலனிய வரலாற்றைப் பார்க்க ஒரு நாடு ஏறத்தாழ முப்பதாண்டு கண்ணை மூடிக்கொண்டிருந்தது. ஒரு திரைப்படம் வரலாற்றுக்குச் செய்யக்கூடிய மிகப்பெரிய உதவி, மறைக்கப்பட்டதை மறக்கவிடாமல் செய்வது. அதனை அக்காத் செய்தார். லிபியாவுக்கு வெளியே உமர் முக்தாரின் பெயரை அறிந்தவருள் பெரும்பாலோர் அவர் படத்தால் அறிந்தவர்களே. நானும் அவர்களுள் ஒருவன்.

இங்கேதான் என் பழைய சங்கடம் மீண்டும் வருகிறது. உமர் முக்தாராக நடித்தவரும் ஆந்தனி குவினே. ஏழாம் நூற்றாண்டின் ஹம்ஸாவும் இருபதாம் நூற்றாண்டின் முக்தாரும் என் மனத்தில் ஒரே முகம் கொண்டுவிட்டார்கள். ஹம்ஸாவுக்குப் புகைப்படம் இல்லை. முக்தாருக்கு உண்டு. கைகளில் விலங்கோடு, வெண்தாடியோடு, இத்தாலிய வீரர்கள் சூழ நிற்கும் அப்படங்களைப் பல நூல்களில் காணலாம். அவர் உண்மை முகத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இருந்தும் பெயரைக் கேட்டவுடன் முதலில் எழுவது நடிகரின் முகம். சற்று முயன்ற பின்னரே உண்மை முகம் வருகிறது. சான்றுள்ள முகத்தையே ஒரு நடிகரால் பின்னுக்குத் தள்ள முடியுமானால், சான்றில்லாத முகங்களின் கதி என்ன? உருவம் காட்டுவதை நம் முன்னோர் அஞ்சியதற்கு, சிலை வணக்கம் என்ற காரணத்தோடு நினைவைப் பறிகொடுத்தல் என்ற காரணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்குப் படுகிறது.

பின்வந்த தொடர்களும் படங்களும்

அக்காத் வரைந்த கோட்டை 2012 ரமளானில் எம்.பி.சி. தொலைக்காட்சி தாண்டியது. ஹாதிம் அலீ இயக்கி வலீத் ஸைஃப் எழுதிய ‘உமர்’ தொடரில் நான்கு கலீஃபாக்களும் முகத்தோடு தோன்றினர். யூசுஃப் அல்-கர்ளாவி உள்ளிட்ட அறிஞர் குழு ஒன்று எழுத்துப்படியைப் பார்வையிட்டிருந்தது. அல்-அஸ்ஹரும் வேறு பல அறிஞர்களும் எதிர்த்தனர். உமர் (ரலி) வேடத்தில் தோன்றியவர் இளம் சிரிய நடிகர் ஸாமிர் இஸ்மாயீல். அவருக்குக் குரல் கொடுத்தவர் வேறொருவர்.

நடுநிலையோடு சொன்னால், வரலாறு என்ற அளவில் இத்தொடர் அக்காதின் படத்தைவிட நிறைவானது. அபூபக்ர் (ரலி) அவர்களின் உறுதி, ஸகீஃபாவில் நடந்த கலந்தாய்வு, ரித்தா போர்கள், நீதியின் பொருட்டு உமர் (ரலி) கொண்ட அச்சம் ஆகிய யாவும் இதில் உண்டு. வஹ்ஷியும் உஹதோடு விடப்படாமல் யமாமாவரை வருகிறார். எதைக் காட்டவில்லையோ அதனால் அக்காதின் வரலாறு சாய்ந்தது. காட்டியதால் ஹாதிம் அலீயின் வரலாறு நிமிர்ந்தது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்றைய இளைஞர் ஒருவரிடம் உமர் (ரலி) அவர்களைப் பற்றிப் பேசினால், அவர் மனத்தில் எழுவது யார் முகம் என்று கேட்டுப் பாருங்கள்.

2015-இல் ஈரானின் மஜீத் மஜீதி நபிகளாரின் இளமைப் பருவத்தைப் படமாக்கினார். இளஞ்சிறாரின் முகம் மறைக்கப்பட்டது. பின்புறத் தோற்றம் காட்டப்பட்டது. இசையமைத்தவர் நம் ஏ.ஆர். ரஹ்மான். அதன்பொருட்டு மும்பையின் ரஸா அகாடமி அவ்வாண்டு செப்டம்பரில் இயக்குநருக்கும் ரஹ்மானுக்கும் எதிராக ஃபத்வா வெளியிடச் செய்தது. நல்லெண்ணத்தோடுதான் பணியாற்றியதாக ரஹ்மான் அடக்கமாக விடையளித்தார். 2025 ரமளானில் வெளியான ‘முஆவியா’ தொடரை ஒளிபரப்ப இராக் தடை விதித்தது. நபித்தோழர்களிடையே நிகழ்ந்த பிணக்குகளில் நாவை அடக்கிக்கொள்ள வேண்டும் என்ற பழைய அறிவுரையின் பயன், அவை நடிகர்களின் வசனமாக மாறும்போதுதான் முழுதும் விளங்குகிறது.

கண்டவனும் கேட்டவனும்

ஹதீஸ் கலை ஒரு செய்தியின் தகுதியை அதன் இஸ்னாதால் அளக்கிறது. யார் கண்டார், அவரிடம் யார் கேட்டார் என்ற தொடர் அறுந்தால் செய்தி பலவீனமாகும். திரைப்படத்துக்கு இஸ்னாத் இல்லை. அது நம்மிடம் ஒரு செய்தியைச் சொல்வதில்லை, நம்மையே சாட்சியாக்கிவிடுகிறது. உஹதைப் படித்தவன் ‘இப்னு இஸ்ஹாக் கூறுகிறார்’ என்பான். உஹதைப் பார்த்தவனோ ‘எனக்குத் தெரியும்’ என்பான். அவன் பார்த்தது லிபிய மண்ணில் எடுக்கப்பட்ட ஒரு காட்சி என்பது அவனுக்கு நினைவிருப்பதில்லை. காணாததைக் கண்டதாக எண்ணும் இம்மயக்கமே திரை வரலாற்றின் முதன்மையான ஆபத்து என்பது என் கருத்து. காட்டப்படாத அந்த ஒரு முகமே, நாம் சாட்சிகள் அல்லர், கேட்டவர்கள் மட்டுமே என்பதைப் படம் முழுதும் நமக்கு நினைவூட்டிக்கொண்டிருந்தது. அக்காத் அறிந்தோ அறியாமலோ அப்படத்தில் வைத்துவிட்டுப் போன நேர்மை அது.

அக்காதின் முடிவு கொடியது. 2005 நவம்பர் 9 அன்று, இராக்கிய அல்காயிதாவினர் அம்மான் நகர விடுதிகளில் குண்டு வெடிக்கச் செய்தபோது, ஒரு திருமணத்துக்காக அங்கு வந்திருந்த அவர் தம் மகளைப் பறிகொடுத்தார். இரு நாள் கழித்துத் தாமும் இறந்தார். ஸலாஹுத்தீன் ஐயூபியைப் பற்றிப் படமெடுக்க வேண்டும் என்ற அவர் கனவு நிறைவேறவில்லை. இஸ்லாத்தை உலகுக்கு எடுத்துச் சொல்ல வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டவர், இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள் கையால் மாண்டார். ஒருகாலத்தில் படப்பிடிப்பையே நிறுத்த முயன்ற சவூதி அரேபியாவில், 2018 ஜூனில் அப்படம் திரையரங்குகளில் ஓடியது. அதைக் காண அவர் இல்லை.

நம் பிள்ளைகள் இப்படங்களைப் பார்க்கத்தான் போகிறார்கள். தடுப்பதால் பயனில்லை, அவர்கள் கைப்பேசியிலேயே எல்லாம் உள்ளன. பார்க்கும்போது உடனிருந்து, இவர் ஹம்ஸா அல்லர், ஹம்ஸாவாக நடித்தவர் என்று சொல்லலாம். பார்த்து முடித்த இரவிலேயே ஒரு ஸீரா நூலை எடுத்து, உஹதுக்குப் பின் வஹ்ஷி என்ன ஆனார் என்று படித்துக் காட்டலாம். அந்தத் துணையோடு பார்த்தால் திரை நூலுக்கு வாயிலாகும். துணையின்றிப் பார்த்தால் நூலுக்குப் பதிலாகிவிடும்.

மாமா கொண்டு வந்த கேசட் ஓடிய அந்த இரவில், உம்மும்மா மட்டும் முன்னறைக்கு வரவில்லை. “எனக்கு வேணாம்” என்று சொல்லிவிட்டு, தஸ்பீஹ் மணியோடு உள்ளறையில் அமர்ந்திருந்தார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. பிலாலின் பாங்கு ஒலித்தபோது மட்டும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, உதடுகள் அசைய மறுமொழி சொன்னார். சீறாவைக் கேட்டே வளர்ந்தவர் அவர். ஹம்ஸா (ரலி) அவர்களின் பெயரைச் சொல்லும்போது அவர் கண்முன் வந்த முகம் எதுவென்று நான் கேட்டதில்லை. அது ஆந்தனி குவினின் முகம் அன்று என்பது மட்டும் எனக்குத் தெரியும்.